கேண்டர் மெஷருக்கு ஃபூரியர் ஃப்ரேம் உண்டா? இன்னும் மூடாத ஒரு கணக்கு பத்தி நீளமா ஒரு பதில்

தம்பி கேட்டது இதான். எம்எஸ்சி ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடிட்டு இருக்காப்ல. ஒரு வீடியோல "கேண்டர் செட் மேல ஃபூரியர் சீரீஸே கிடையாது"ன்னு அடிச்சு சொல்றாங்களாம், ஒரு பேப்பர்ல "சிங்குலர் மெஷர் எதுவா இருந்தாலும் ஃபூரியர் சீரீஸ் உண்டு"ன்னு இருக்காம், வேற ஒருத்தர் "அது ஓப்பன் ப்ராப்ளம் ஆச்சே"ன்னுட்டாராம். எது உண்மை அக்கா, இத ப்ராஜெக்ட்டா எடுக்கலாமா, தண்டையார்பேட்டைல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் பண்ண முடியுமான்னு கேக்குறாப்ல.

முதல்ல கடைசி கேள்வி. நானும் காசிமேடு பக்கம்தான், தண்டையார்பேட்டைல உக்காந்து தாராளமா பண்ணலாம். ராமானுஜன் 1912-ல போர்ட் ட்ரஸ்ட்ல மாசம் 30 ரூபா சம்பளத்துக்கு கிளார்க் வேலை பாத்துக்கிட்டேதான் கணக்கு போட்டாரு, அந்த ஹார்பர் உன் வீட்டுலருந்து எவ்ளோ தூரம்னு உனக்கே தெரியும். தரமணில மேட்ஸயன்ஸ், சிறுசேரில சிஎம்ஐன்னு கணக்கு ஆராய்ச்சி நிலையம் ரெண்டுமே ஊரோட அந்தக் கோடில இருக்குறது கடுப்புதான், ஆனா இந்த சப்ஜெக்ட்ல வர்ற முக்கால்வாசி பேப்பர் இன்டர்நெட்லயே ஃப்ரீயா கெடைக்குது, லேப் கீப் எதுவும் வேணாம்.

இப்ப விஷயம். நீ கேட்ட மூணும் ஒரே கேள்விக்கு மூணு பதில் இல்ல, மூணு வேற கேள்வி. ஆர்த்தோநார்மல் பேசிஸ், அதாவது ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா நிக்கிற அலைங்களாலயே (சைன், காஸ் மாதிரி) ஆன அச்சு உண்டா? கிடையாது, 1998-லயே தீந்துபோச்சு. எல்லா ஃபங்ஷனையும் அலைகளோட கூட்டுத்தொகையா எழுத முடியுமா? முடியும், 2017-ல காட்டிட்டாங்க. ஃப்ரேம், அதாவது செங்குத்தா இல்லாட்டியும் கணக்கு நிலையா நிக்கிற அலைக் கூட்டம் உண்டா? அதான் திறந்து கெடக்கு. வீடியோக்காரர் முதல் கேள்விக்கான பதில எடுத்து ரெண்டாவது கேள்விக்கு ஒட்டிட்டாரு, அவ்ளோதான்.

மெஷர் இன்னான்னு ஒரு தடவ பாத்துடலாம், தெரிஞ்சா தாண்டிப் போ. பூஜ்யத்துலருந்து ஒண்ணு வரைக்கும் ஒரு கோடு, மொத்த வெயிட் 1. மூணா வெட்டி நடு துண்ட தூக்கிப் போட்டு, மிச்ச ரெண்டு துண்டுக்கும் பாதிப் பாதி வெயிட் குடுக்குற. திரும்ப ஒவ்வொண்ணையும் மூணா வெட்டி நடுவ தூக்கிப் போட்டு பாதிப் பாதி. இப்டியே முடிவே இல்லாம போனா கடைசில நிக்கிற செட்டுக்கு நீளம் சுத்தமா பூஜ்யம், ஆனா வெயிட் மட்டும் அப்டியே 1, அதுலயும் தனியா எந்த ஒரு புள்ளிக்கும் வெயிட் கிடையாது. இதான் நடு-மூணு கேண்டர் மெஷர், டைமென்ஷன் 0.63 சொச்சம். இப்டி வெயிட் முழுக்க நீளம் பூஜ்யமான செட்ல நின்னா அது சிங்குலர் மெஷர். இதுமேல வர்க்கம் இன்டக்ரேட் ஆகுற ஃபங்ஷன் எல்லாம் சேந்தது ஒரு ஹில்பர்ட் ஸ்பேஸ். சாதா நீளத்த வெச்சு பாத்தா முழு எண் ஃப்ரீக்வென்சி அலைங்க அச்சு மாதிரி ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா நிக்கும், அதத்தான் பிஎஸ்சில படிச்சோம். கேண்டர் மெஷர் மேல நின்னு பாத்தா அதே அலைங்க எப்டி நடந்துக்கும்ங்கறதுதான் மொத்தக் கதையும்.

இதுக்கு ஒரே ஒரு ஃபார்முலா போதும். ரெண்டு அலையோட இன்னர் ப்ராடக்ட் அதுங்களோட ஃப்ரீக்வென்சி வித்தியாசத்த மட்டும்தான் பொறுத்தது, அது அந்த மெஷரோட ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம். அந்த வித்தியாசத்த டின்னு வெச்சுக்கோ. கேண்டர் மெஷருக்கு அதோட மதிப்பு (ஃபேஸ் போக சைஸ் மட்டும்) இப்டி வரும்: 360 டிகிரிய டியால பெருக்கி, 3-ஆல வகுத்து காஸ் எடு, 9-ஆல வகுத்து காஸ் எடு, 27-ஆல, 81-ஆல, அப்டியே போய் எல்லாத்தையும் பெருக்கு. 1593-ல வியெட் 2-ஆல வகுத்துக்கிட்டே போற ஒரு காஸ் பெருக்கல் எழுதினாருல்ல, அந்த ஃபார்முலாவோட சொந்தக்காரன்தான் இது. 2-ஆல வகுத்தா பழைய சைன் எக்ஸ் பை எக்ஸ் வந்துடும், அதாவது சாதா நீளம். 3-ஆல வகுத்தா கேண்டர்.

இன்னர் ப்ராடக்ட் பூஜ்யம் ஆகணும்னா ஏதோ ஒரு காஸ் பூஜ்யம் ஆகணும், அதாவது கோணம் 90-ஓட ஒத்தைப்படை மடங்கா இருக்கணும். கணக்கு போட்டா டி வந்து 3-ன் ஏதோ ஒரு அடுக்கு பெருக்கல் ஒத்தைப்படை எண், வகுத்தல் 4. 3-ன் அடுக்கே ஒத்தைப்படைதான், அதனால மேல நிக்கிறது எப்பவுமே ஒத்தைப்படை. இப்ப மூணு அலை ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்குன்னு வை. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் ஒத்தைப்படை பை 4, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒத்தைப்படை பை 4, ரெண்டையும் கூட்டினா முதலுக்கும் மூணாவதுக்கும் உள்ள வித்தியாசம், அது ரெட்டைப்படை பை 4 ஆயிடுது. ஆச்சு, முடிஞ்சுது. ரெண்டு அலைக்கு மேல செங்குத்தா நிக்கவே முடியாது, அப்புறம் பேசிஸுக்கு எங்க போறது. ஜார்கென்சன், பெடர்சன்னு ரெண்டு பேர் 1998-ல சொன்னது இது. இவ்ளோ சின்ன வாதம்தான், பஸ்ல நின்னுக்கிட்டே போடலாம்.

அதே பேப்பர்ல அவங்க இன்னொண்ணும் காட்டினாங்க, அதுதான் எல்லாரையும் உலுக்குச்சு. மூணுக்கு பதிலா நாலா வெட்டி, முதல் துண்டையும் மூணாவது துண்டையும் மட்டும் வெச்சுக்கோ. இப்ப காஸ்ல 4, 16, 64-ஆல வகுக்குற. பூஜ்யம் வர்ற எடம் எல்லாம் 4-ன் அடுக்கு பெருக்கல் ஒத்தைப்படை, கீழ வகுத்தல் எதுவும் இல்ல. 0, 1, 4, 5, 16, 17, 20, 21... அதாவது 4-ன் வெவ்வேற அடுக்குகள கூட்டினா வர்ற எண்கள எடு. எந்த ரெண்ட கழிச்சாலும் 4-ன் அடுக்கு பெருக்கல் ஒத்தைப்படைதான் வரும், வேணும்னா 21-லருந்து 5 கழிச்சுப் பாரு, 16. 20-லருந்து 1 கழிச்சா 19. எல்லாம் செங்குத்து. செங்குத்து மட்டும் இல்ல, அந்த அலைங்களே முழுசா ஒரு பேசிஸ். நீளமே இல்லாத தூசி மாதிரி ஒரு செட், அதுமேல சுத்தமான ஃபூரியர் பேசிஸ்! இந்த மாதிரி மெஷருக்கு ஸ்பெக்ட்ரல் மெஷர்னு பேரு. இதுல இன்னொரு வேடிக்கை, அதே ஃப்ரீக்வென்சி எல்லாத்தையும் 5-ஆல பெருக்கி 0, 5, 20, 25-ன்னு வெச்சாலும் பேசிஸ்தான். 3-ஆல பெருக்கினா செங்குத்தா நிக்கும் ஆனா பேசிஸ் ஆகாது. ஏன்னு ஒரு நாள் உக்காந்து யோசி, நல்ல பயிற்சி.

சரி, பேசிஸ் இல்லன்னா அடுத்த ஆசை ஃப்ரேம். டஃபின், ஷேஃபர்னு ரெண்டு பேர் 1952-ல கொண்டு வந்தது. செங்குத்து வேணாம், கொஞ்சம் அதிகப்படியா இருந்தாலும் பரவால்ல, ஆனா கணக்கு நிலையா இருக்கணும். எப்டின்னா, ஏதாவது ஒரு ஃபங்ஷன எடு, நீ தேர்ந்தெடுத்த ஒவ்வொரு அலையோடயும் இன்னர் ப்ராடக்ட் எடு, வர்க்கம் பண்ணு, எல்லாத்தையும் கூட்டு. அந்தத் தொகை ஃபங்ஷனோட எனர்ஜில (வர்க்கத்தோட இன்டக்ரல்) ஒரு நிலையான பங்குக்குக் கீழயும் போகக் கூடாது, ஒரு நிலையான மடங்குக்கு மேலயும் போகக் கூடாது, எந்த ஃபங்ஷனுக்கும். நம்ம ஊர்ப் பக்கம் சொல்லணும்னா வலைதான். கண்ணு பெருசா இருந்தா மீன் தப்பிச்சுடும், அது கீழ் எல்லை ஒடைஞ்சது. நெருக்கமா போட்டா வலையே கனத்துப் போய் தூக்க முடியாது, அது மேல் எல்லை ஒடைஞ்சது.

கேண்டர் மெஷருக்கு முழு எண் ஃப்ரீக்வென்சி எல்லாத்தையும் போட்டா இன்னா ஆகும்னு பாரு, இது கையில போட்டுப் பாக்க வேண்டிய எடம். டி 1-ன்னா காஸ் 120, காஸ் 40, காஸ் 13.33, காஸ் 4.44, பெருக்கினா 0.371 கிட்ட நிக்கும். டி 3-ன்னா முதல் காஸ் 360 டிகிரி, அது 1, அதுக்கப்புறம் பழையபடி 120, 40, 13.33... அதே 0.371. டி 9, அதே. 27, 81, 243, அதே அதே அதே. கொறையவே மாட்டேங்குது! மெஷருக்கு டென்சிட்டின்னு ஒண்ணு இருந்தா, அதாவது வெயிட்ட நீளத்து மேல ஒரு ஃபங்ஷனோட இன்டக்ரலா எழுத முடிஞ்சா, ஃப்ரீக்வென்சி ஏற ஏற இது பூஜ்யத்துக்குப் போயாகணும், ரீமான் லெபெக் சொன்னது. இங்க போகல. ஃபங்ஷன் 1-ஐயே எடுத்துக்கிட்டா 3-ன் ஒவ்வொரு அடுக்கும் 0.371-ஓட வர்க்கம், கிட்டத்தட்ட 0.138, தொகைல சேத்துக்கிட்டே போகும், தொகை முடிவே இல்லாம ஏறும். மேல் எல்லை காலி. அதனால ஃப்ரீக்வென்சிய பாத்துப் பாத்து கழிச்சாகணும். எவ்ளோ கழிக்கணும்னா மிஞ்சுறது கேண்டர் செட் மாதிரியே அரிதா இருக்கணும், டுட்கே, ஹான், சன், வெபர் 2011-ல பேயர்லிங் டைமென்ஷன்னு (ஃப்ரீக்வென்சிங்க எவ்ளோ அடர்த்தியா கெடக்குன்னு சொல்ற அளவு) ஒண்ண வெச்சு சில நிபந்தனைக்கு உட்பட்டு இத அளவாவே சொல்லிருக்காங்க.

ராபர்ட் ஸ்ட்ரிக்கார்ட்ஸ் 2000-ல கேட்ட கேள்வி இதான்: நடு-மூணு கேண்டர் மெஷருக்கு இந்த மாதிரி ஒரு ஃப்ரீக்வென்சி செட், அலைங்க ஃப்ரேமா நிக்கிற மாதிரி, உண்டா இல்லையா. உண்டுன்னும் யாரும் காட்டல, இல்லன்னும் யாரும் காட்டல. கேள்வியோட பெரிய வடிவம், எந்தெந்த மெஷருக்கு ஃபூரியர் ஃப்ரேம் உண்டுன்னு முழுசா வகைப்படுத்துறது. ஆனா எல்லாரும் சுத்திச் சுத்தி இந்த ஒத்த கேண்டர் மெஷருக்கே வந்து நிக்கிறாங்க, ஏன்னா இதுக்கே பதில் சொல்ல முடியலன்னா பொதுவா எதச் சொல்றது.

நீ சொன்ன அந்த "எல்லா சிங்குலர் மெஷருக்கும் உண்டு" பேப்பர் ஹெர், வெபர் ரெண்டு பேர் எழுதினது, 2017. சரியான தேற்றம்தான், அழகான தேற்றமும் கூட. காச்மார்ஸ்னு ஒரு போலந்துக்காரர் 1937-ல ஒரு வழி சொன்னாரு, ஒரு சமன்பாடு கூட்டத்த ஒவ்வொண்ணா எடுத்து விடைய கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கிட்டே போறது. ஆரம்ப கால சிடி ஸ்கேன்ல பிம்பம் கட்டுனது இதே வழிலதான், ஸ்டான்லில ஸ்கேன் எடுக்க நிக்கிற யாருக்கும் அவர் பேர் தெரியாது. அந்த வழிய அலைங்க மேல ஓட்டினா, சிங்குலர் ப்ராபபிலிட்டி மெஷர் எதுவா இருந்தாலும் ஒவ்வொரு ஃபங்ஷனும் 0, 1, 2, 3-ன்னு ஃப்ரீக்வென்சி உள்ள அலைங்களோட கூட்டுத்தொகையா வந்துடும், நெகட்டிவ் ஃப்ரீக்வென்சி கூட வேணாம். ஆனா கோஎஃபிஷியன்ட் எங்கருந்து வருதுன்னு பாக்கணும், அந்த அலையோட இன்னர் ப்ராடக்ட் எடுத்து வரல, வேற ஒரு துணை ஃபங்ஷன் வரிசையோட இன்னர் ப்ராடக்ட் எடுத்து வருது. ஃப்ரேமா நிக்கிறது அந்தத் துணை வரிசைதான், அலைங்க இல்ல. அலைங்களுக்குத்தான் மேல் எல்லை ஒடைஞ்சத இப்பதான் பாத்தோமே. அதனால "சீரீஸ் உண்டு"ன்னா "ஃப்ரேம் உண்டு"ன்னு அர்த்தம் ஆகாது.

இப்ப மெயின் மேட்டர், கேள்வி எங்க மாட்டிக்கிட்டு நிக்குது. நெறைய பேர் "செங்குத்தா அலை இல்லாததால கஷ்டம்"னு எழுதிட்டுப் போயிடுறாங்க, எனக்கு அது பாதி உண்மைன்னுதான் படுது. சாதா பரப்பளவ வெச்சு ஒரு வட்டத் தட்ட எடுத்துக்கோ, அதுமேலயும் செங்குத்து பேசிஸ் கிடையாது, ஆனா அத ஒரு சதுரத்துக்குள்ள வெச்சு சதுரத்தோட அலைங்கள எடுத்துக்கிட்டா ஃப்ரேம் சும்மா வந்துடும். செங்குத்து இல்லாதது ஒரு தடையே இல்ல. தடை வேற எடத்துல.

ஸ்டேஜ் ஸ்டேஜா போவோம். முதல் ஸ்டேஜ்ல கேண்டர் செட்டுக்கு பதில் ரெண்டே புள்ளி, 0, மூணுல ரெண்டு. ஃப்ரீக்வென்சி 0, 1, 2-ன்னு மூணு. மூணையும் வெச்சுக்கிட்டா ரெண்டு டைமென்ஷன்ல மூணு வெக்டர், கச்சிதமா பேலன்ஸ் ஆகி நிக்கும், ஆனா தேவைக்கு 1.5 மடங்கு. ரெண்டாவது ஸ்டேஜ்ல 4 புள்ளி, 9 ஃப்ரீக்வென்சி, 2.25 மடங்கு. பத்தாவது ஸ்டேஜ்ல 57 மடங்குக்கு மேல, இருபதாவதுல 3325. மேல் எல்லை பறந்துடுச்சு. சரி, ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் மூணுல ஒண்ண கழிச்சு 0, 1 மட்டும் வெச்சுக்கலாம்னு பாத்தா, முதல் ஸ்டேஜ்ல தொகை 0.5-க்கும் 1.5-க்கும் நடுவுல ஆடும். அடுத்த ஸ்டேஜ்ல கீழ கெடைக்கிற கியாரண்டி 0.25, அதுக்கடுத்து 0.125, பத்தாவதுல ஆயிரத்துல ஒண்ணு கூட இல்ல. நாலு வெட்டு மெஷர்ல பாரு, புள்ளி 0, பாதி, ஃப்ரீக்வென்சி 0, 1, ரெண்டு வெக்டரும் சுத்தமா செங்குத்து, எல்லை ரெண்டும் 1. ஒண்ண ஒண்ணால எத்தன தடவ பெருக்கினாலும் ஒண்ணு. அந்த மெஷரோட அதிர்ஷ்டம் முழுக்க இதான்.

சுன்-கிட் லாய், யாங் வாங் ரெண்டு பேரும் 2017-ல இந்த எடத்துலதான் பூந்தாங்க. எல்லை கச்சிதமா 1 ஆக வேணாம்பா, ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் 1-லருந்து எவ்ளோ விலகுதோ அந்த விலகல் எல்லாம் கூட்டினா முடிவுள்ள தொகையா வந்தா போதும்னாங்க. வெட்டுற விகிதத்த ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாத்தி அந்த மாதிரி மெஷர் கட்டியும் காட்டிட்டாங்க, செங்குத்தா முடிவுள்ள எண்ணிக்கைல மட்டும்தான் அலைங்க நிக்கும், அதனால ஸ்பெக்ட்ரல் இல்ல, ஆனாலும் ஃபூரியர் ஃப்ரேம் உள்ள சிங்குலர் ஃப்ராக்டல் மெஷர், அந்த மாதிரி முதல் தடவையா. பெரிய விஷயம். ஆனா நடு-மூணு கேண்டர்ல ஒவ்வொரு ஸ்டேஜும் அச்சு அசலா ஒண்ணு, விலகலும் மாறாது, கூட்டினா முடிவிலி. அதனால அந்தக் கதவு இதுக்குத் தொறக்காது.

ஸ்டேஜ் ஸ்டேஜா கழிக்காம மொத்தமா ஒரே அடியா கழிச்சா? இங்கதான் காடிசன்-சிங்கர் வருது. 1959-லருந்து கெடந்த கேள்வி, மார்கஸ், ஸ்பீல்மன், ஸ்ரீவஸ்தவா மூணு பேரும் 2013-ல தீத்தாங்க. அதுலருந்து நிட்சன், ஒலெவ்ஸ்கி, உலனோவ்ஸ்கி ஒரு லெம்மா எடுத்தாங்க, நம்ம பாஷைல: பத்தாவது ஸ்டேஜ்ல 1024 புள்ளி, 59049 ஃப்ரீக்வென்சி இருக்குல்ல, அதுல புத்திசாலித்தனமா ஆயிரக்கணக்குல மட்டும் பொறுக்கி எடுத்தா மேல் எல்லை, கீழ் எல்லை ரெண்டும் நல்ல நிலைல நிக்கும், அந்த எல்லைங்க ஸ்டேஜ் நம்பர பொறுத்ததே இல்ல. நூறாவது ஸ்டேஜுக்கும் அதே எல்லைங்க. இத வெச்சு அவங்க 2016-ல சாதா நீளத்துல முடிவுள்ள அளவு உள்ள எந்த செட்டுக்கும், அது வரம்பில்லாம பரவிக் கெடந்தாலும், ஃப்ரேம் உண்டுன்னு முடிச்சுட்டாங்க.

புள்ளிலருந்து நெஜ கேண்டர் துண்டுக்குப் போறதுல பிரச்சினை உண்டான்னு கேப்ப. பெருசா இல்ல. ஏதாவது ஒரு ஸ்டேஜ்ல புள்ளிக்கு பதிலா சின்ன கேண்டர் துண்டு வெச்சா ஒவ்வொரு இன்னர் ப்ராடக்டும் ஒரு காரணியால கொறையும், ஃப்ரீக்வென்சிய நடுவுல பூஜ்யம் வர்ற மாதிரி அடுக்கிக்கிட்டா அந்தக் காரணி டி அரைக்குள்ளயே இருக்குறப்ப வர்ற மதிப்புதான். அரைல காஸ் 60, காஸ் 20, காஸ் 6.67... பெருக்கினா 0.466. அதுக்குக் கீழ போகாது, மொதல் பூஜ்யம் முக்கால்லதான வருது. ஆக ஒவ்வொரு ஸ்டேஜ்லயும், அந்த ஸ்டேஜ் துண்டுங்க மேல மாறாம இருக்குற ஃபங்ஷன் எல்லாத்துக்கும், ஒரே எல்லைங்களோட ஒரு ஃப்ரேம் கைல இருக்கு!

அப்ப லிமிட் எடுத்தா முடிஞ்சுதுல்ல? அதான் முடியல. பத்தாவது ஸ்டேஜுக்குப் பொறுக்கின ஃப்ரீக்வென்சிக்கும் பதினொண்ணாவதுக்குப் பொறுக்கினதுக்கும் சம்பந்தமே இருக்க வேண்டிய அவசியம் இல்ல, அந்த லெம்மா "உண்டு"ன்னு மட்டும்தான் சொல்லுது, எதுன்னு சொல்லாது. சரி, அதுல ஒத்துப்போற ஒரு துணை வரிசைய எடுத்து லிமிட் போனா மேல் எல்லை பத்திரமா கூட வந்துடும், கீழ் எல்லைதான் நடுவுல நழுவுது. ஏன்? ஃபங்ஷன் 1-ஐ எடு. பத்தாவது ஸ்டேஜ் ஃப்ரேம்ல அதோட தொகை நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தத் தொகை எங்கருந்து வந்துச்சு? கிட்ட இருக்குற ஃப்ரீக்வென்சிலருந்தா, இல்ல 20000, 25000-ன்னு தூரத்துல இருக்குறதுலருந்தா? டென்சிட்டி உள்ள மெஷர்ல தூரத்துலருந்து பெருசா எதுவும் வராது. கேண்டர்ல 3-ன் அடுக்குங்க எவ்ளோ தூரம் போனாலும் அதே 0.371 குடுக்குது. அதனால ஸ்டேஜ் ஏற ஏற எனர்ஜி தூரத் தூரத்து ஃப்ரீக்வென்சிக்கு மாறி மாறிப் போய், லிமிட் எடுக்குறப்ப அந்த ஃப்ரீக்வென்சி எல்லாம் அடிவானத்தத் தாண்டிப் போயிடலாம். கைல மிஞ்சுற செட்ல கீழ் எல்லை இல்ல. இந்த நழுவலத் தடுக்குற மாதிரி ஃப்ரீக்வென்சிய பொறுக்க முடியுமா, இல்ல எப்டிப் பொறுக்கினாலும் நழுவத்தான் செய்யுமா. என்னப் பொறுத்தவரைக்கும் ஓப்பன் ப்ராப்ளம்ங்கறது இந்த ஒரு வரிதான், மத்ததெல்லாம் அலங்காரம்.

ஃப்ரேம் இல்லவே இல்லன்னு தெரிஞ்ச மெஷரும் நெறைய உண்டு, அதுல ஒண்ணு ரெண்டு பாத்தா கேள்வியோட மறுபக்கம் புரியும். சாதா நீளத்தோட ஒத்த புள்ளிக்கு கொஞ்சம் வெயிட் சேத்துடு. நீளம் இருக்குறதால ஃப்ரீக்வென்சி முடிவே இல்லாம வேணும். இப்ப அந்தப் புள்ளில மட்டும் 1, மத்த எடத்துல 0-ன்னு ஒரு ஃபங்ஷன எடு, ஒவ்வொரு அலையோடயும் இன்னர் ப்ராடக்ட் சைஸ் அதே வெயிட்தான், முடிவே இல்லாத தடவ கூட்டினா முடிவிலி. ஃப்ரேம் ஒடைஞ்சுது. இத முழுசா விரிச்சு ஹீ, லாய், லாவ் மூணு பேர் 2013-ல சொன்னாங்க, ஃப்ரேம் வேணும்னா மெஷர் கலப்படம் இல்லாம ஒரே ஜாதியா இருக்கணும்: ஒண்ணு முடிவுள்ள புள்ளிக் கூட்டம், இல்ல முழுக்க டென்சிட்டி, இல்ல முழுக்க சிங்குலர் கன்டின்யுவஸ் (சிங்குலர், ஆனா தனிப் புள்ளி எதுக்கும் வெயிட் இல்லாதது). டென்சிட்டி உள்ள கேஸ் லாய் 2011-லயே முடிச்சுட்டாரு, டென்சிட்டி அது இருக்குற எடத்துல மேலயும் கீழயும் கட்டுப்பட்டிருந்தா ஃப்ரேம் உண்டு, இல்லன்னா இல்ல, அவ்ளோ சுத்தமா. மூணாவது ஜாதிலதான் நம்ம கேண்டர் மாட்டிக்கிட்டு இருக்கு. அதுலயும் பாதிப் பாதிக்கு பதில் இடது துண்டுக்கு மூணுல ஒண்ணு, வலதுக்கு மூணுல ரெண்டுன்னு வெயிட் பிரிச்சா ஃப்ரேம் கிடையாதுன்னு டுட்கே, லாய் காட்டிட்டாங்க. மெஷர் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் சாஞ்சா போச்சு.

ஆனா ஒரே மாதிரி இருந்தா மட்டும் போதும்னும் நெனச்சுடாத. வட்டத்தோட விளிம்புல ஆர்க் லெங்த் மெஷர் எடு, அத விட சமமா எது இருக்கு, அதுக்கு ஃப்ரேம் கிடையாது. கோளத்தோட பரப்புக்கும் கிடையாது. சதுரத்தோட விளிம்புக்கு உண்டு! அயோசெவிச், லாய், லியு, வைமன் நாலு பேரும் காட்டினது. வளைவு இருந்தா ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாத் திசைலயும் தேய்ஞ்சுக்கிட்டே போகும், அந்தத் தேய்மானமே ஃப்ரேமுக்கு எதிரியா மாறிடுது. கேண்டர்ல தேயாதது தொல்லை, வட்டத்துல தேயுறது தொல்லை. எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்பப் புடிச்ச எடம் இது.

எனக்கு இன்னா தோணுதுன்னு கேட்டா, கேண்டருக்கு ஃப்ரேம் இருக்கும்னு நெனைக்கறேன். ப்ரூஃப் எதுவும் இல்ல, ஸ்டேஜ் ஸ்டேஜா இவ்ளோ நல்லா ஒத்துழைக்கிற ஒரு மெஷர் கடைசில ஏமாத்தும்னு நம்ப மனசு வரல. டுட்கே, ஹான், வெபர் மேல் எல்லைய மட்டும் காப்பாத்துற அலை வரிசைங்க, பேயர்லிங் டைமென்ஷன் பூஜ்யத்துக்கு மேல உள்ளதா, இந்த மாதிரி மெஷர் எல்லாத்துக்கும் உண்டுன்னு காட்டிருக்காங்க, அது பாதி வழி. எதிர்க்கட்சிக்காரங்க கிட்டயும் நல்ல வாதம் இருக்கு: 3-ங்கற ஒத்தைப்படை எண் அந்த செங்குத்து வாதத்துல எவ்ளோ பிடிவாதமா நின்னுச்சு, அது இங்கயும் வேற ரூபத்துல நிக்கலாம்.

ப்ராஜெக்ட்டுக்கு இந்தக் கேள்வியவே தலைப்பா வெக்காத, கைடு ஒத்துக்கவும் மாட்டாரு, ஒத்துக்கிட்டா அவர் கேள்விய சரியா படிக்கலன்னு அர்த்தம். ஜார்கென்சன்-பெடர்சன் 1998 பேப்பர எடுத்து நாலு வெட்டு மெஷர் ப்ரூஃப முழுசா எழுது, அதுல பேசிஸ் ஆகுதுன்னு காட்டுற பகுதிதான் சிரமம், செங்குத்து பகுதி ஜுஜுபி. அப்புறம் மூணு வெட்டுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு அத்தியாயம் போடு. அஞ்சாவது ஸ்டேஜ்ல 32 புள்ளி, 243 ஃப்ரீக்வென்சி. ஒவ்வொரு அலையோட மதிப்பையும் அந்தப் புள்ளிங்க மேல எழுதி ஒரு மேட்ரிக்ஸ் ஆக்கு, அதோட பெரிய, சின்ன சிங்குலர் வேல்யூங்கதான் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் காட்டும். அதுல ஒவ்வொண்ணா, எதச் சேத்தா மிகச் சின்ன சிங்குலர் வேல்யூ நல்லா ஏறுதோ அதப் பொறுக்கி, நூறுக்குள்ள நிறுத்து. பெரிய சிங்குலர் வேல்யூ, சின்ன சிங்குலர் வேல்யூ ரெண்டையும் குறிச்சு வை. அதோட முக்கியமா, ஃபங்ஷன் 1-ஓட தொகைல எவ்ளோ பங்கு கிட்ட உள்ள ஃப்ரீக்வென்சிலருந்து, எவ்ளோ தூரத்துலருந்துன்னு ஒரு கிராஃப் போடு, ஸ்டேஜ் ஏற ஏற அந்த கிராஃப் வலது பக்கம் நகருதான்னு பாரு. நகராம நிக்கிற மாதிரி பொறுக்குற வழி ஏதாவது கெடைச்சா உடனே எனக்கு மெசேஜ் போடு. பைதான்ல நம்பை போதும். பத்தாவது ஸ்டேஜ் வரைக்கும் உன் லேப்டாப் தாங்கும், மேட்ரிக்ஸ் மட்டும் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். பன்னெண்டாவதுக்குப் போகாத, அதுக்கு 35 ஜிபி கேக்கும்.